அஜல் என்று சொன்னால் பொறுப்பு நீங்கிவிடுமா?

மின்சாரம் தாக்கி ஒருவர் மவுத்தாகிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், "அஜல் முடிந்துவிட்டது" என்பதுதான். அஜல் அல்லாஹ்வின் நாட்டம். அதை மறுப்பவர் நம்மில் எவருமில்லை. ஆனால், அந்த ஒயரை அங்கே இழுத்தவர் யார் என்ற கேள்வியை அச்சொல்லுக்குள் புதைத்துவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

மன்னார்புரம், காஜா நகர், காஜாமலைப் பக்கம் மஃரிபுக்குப் பின் நடந்து பாருங்கள். வாசல் கேட்டின் மேல் விளக்கு, மொட்டைமாடிச் சுவரில் சீரியல் செட்டு, கல்யாண வீடானால் தெருமுனை வரை தோரணம். பார்வைக்கு அழகுதான். கிட்டே போனால், வீட்டுக்குள் ஓடவேண்டிய மெல்லிய இரட்டை ஒயர் சன்னல் வழியே வெளியேறி, இடையில் முறுக்கி டேப் சுற்றி, துணி காயும் கொடிக்கம்பியிலேயே கட்டப்பட்டிருக்கும். எர்த் இராது. வேலை செய்தவர் வேறு யாருமல்லர், வீட்டுத் தலைவர்தாம். செல்பேசியில் ஒரு காணொளி பார்த்தாராம்!

ஐப்பசி மழையில் அந்த டேப் நனைகிறது. மின்சாரம் கேட்டிலும் கொடிக்கம்பியிலும் ஏறி நிற்கிறது. விளக்கோ வழக்கம்போல் எரிகிறது. "எம்.சி.பி. போட்டிருக்கிறோமே" என்பர். எம்.சி.பி. ஒயர் தீய்ந்துபோகாமல் காப்பதற்கு உள்ளது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். 230 வோல்ட்டில், வெறுங்காலுடன் ஈரத்தரையில் நிற்பவர் உடலில் பாய்வது ஏறத்தாழ கால் ஆம்பியர். எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டன்று. இதயம் நிற்க அதில் பாதியே போதும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் துண்டித்துவிடும்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. பொதுவழியில் குழி வெட்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், வெட்டியவர் தரப்பின் மீது தியத் வரும் என்கிறது ஃபிக்ஹு. தெருவில் போவோர் கைபடும் கேட்டில் மின்சாரம் ஏறவிட்டவர் வெட்டியதும் குழிதானே? அதைத் தொடுவது ஓதப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது அஜலைக் காட்டி ஒதுங்கிவிட முடியுமா?

உறங்கப் போகுமுன் விளக்கை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. எண்ணெய்த் திரிக்கே அத்தனை முன்யோசனை. நாமோ எலி கடித்த ஒயரை விடிய விடிய எரியவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயரிடுகிறோம்.

2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். பிறர் விழா என்று அதைக் கடந்துபோக வேண்டா. மீலாது தோரணத்துக்கு மூங்கில் நிமிர்த்தும் நம் பிள்ளைகளின் தலைக்கு மேலும் கம்பிகள்தாம் ஓடுகின்றன. (தெருக்கம்பத்தில் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரத்தில் நபிபுகழ் பாடுவதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

ஒயர்மேன் கூலி அதிகம் என்பது கடைசி வாதம். வலீமாவில் பிரியாணிச் சட்டியில் ஒன்றைக் குறைக்க மனமில்லாதவர்கள் இதைச் சொல்வதுதான் வியப்பு. பல்பு, ஃபியூஸ் மாற்றுவதை நீங்களே செய்யலாம்; புதிதாக ஒயரிங் இழுப்பது உரிமம் பெற்றவர் வேலை என்பது சட்டமும்கூட. மழைக்கு முன் அவரை அழையுங்கள். வெளிவிளக்குக்கு எர்த்துடன் மூன்று கோர் கேபிள், தண்ணீர் புகாத விளக்கு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எனக் கேட்டு வாங்குங்கள். பின்னர் மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.