சினிமா பாட்டை பியானோவுக்கு மாற்றி எழுதி விற்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பிடித்த பாட்டைக் கேட்டு, தனிப் பியானோவுக்கு ஏற்ற மாதிரி எழுதி, அந்த ஷீட் மியூசிக்கை ஆன்லைனில் விற்பவர்கள் உண்டு. ‘காதால கேட்டு எழுதினது நான்தானே, அனுமதி எதுக்கு?’ என்று தோன்றலாம். ஆனால், சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது.

இது வெறும் நகல் வேலையா?

இல்லை. பாட்டில் குரல், பேஸ், தாளம், வயலின் எனப் பல அடுக்குகள் இருக்கும். பியானோவுக்கு வாய்ப்பதோ பத்து விரல்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் கலையே இருக்கிறது. குரல் கமகத்தில் வழுக்கிப் போகும். பியானோ கட்டைகளில் அது நடக்காது. அதை எப்படி உடைத்து எழுதுவது என்பது எழுதுபவரின் முடிவு. ஷூபர்ட்டின் 50-க்கும் மேற்பட்ட பாடல்களை 19-ம் நூற்றாண்டில் லிஸ்ட் இப்படித்தான் பியானோவுக்குக் கொண்டுவந்தார்.

ஏஐ செய்துவிடாதா?

ஸ்பாட்டிஃபை 2022-ல் வெளியிட்ட ‘பேசிக் பிட்ச்’ போன்ற கருவிகள் ஆடியோவை மிடியாக மாற்றித் தரும். சுரங்கள் கிடைக்கும். அவற்றை இரண்டு கைகளுக்குள் அடக்குவது தனி வேலை.

அனுமதி ஏன் தேவை?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2, ஒரு இசையை மாற்றி அமைப்பதையும் எழுதுவதையும் ‘தழுவல்’ என்கிறது. தழுவல் செய்யும் உரிமை, பிரிவு 14-ன்படி, அந்த இசையின் உரிமையாளருக்கு மட்டுமே. கையால் எழுதினாலும் கருவி எழுதினாலும் இதே கதைதான்.

கவர் வெர்ஷனுக்கு விலக்கு இருக்கே?

இருக்கு. 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 31சி, பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குப் பிறகு கவர் பதிவு செய்ய அனுமதிக்கிறது. ஆனால், பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்ட்டி கட்ட வேண்டும். இது ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். ஷீட் மியூசிக்குக்குப் பொருந்தாது. தொழில்நுட்பரீதியாக அவசியமில்லாத மாற்றங்களைப் புதிதாகச் செய்யவும் கூடாது. மாற்றுவதே பியானோ தழுவலின் உயிர் என்பதால், சிக்கல் இங்கேதான்.

அப்போ என்ன செய்யலாம்?

வீட்டில் வாசிக்க எழுதிக்கொள்வது பிரிவு 52-ன் ‘தனிப்பட்ட பயன்பாடு’ என்ற விலக்குக்குள் வரும். இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த இசைக்கு அனுமதி வேண்டாம். மற்றவற்றை விற்கும் முன், உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். சிறிய அளவில் ஷீட் மியூசிக் விற்பவருக்கு, கவர் பதிவுக்கு இருப்பது போன்ற சட்டப் பாதை எதுவும் இப்போதைக்கு இல்லை.