கரும்புகை பலமாகுமா?

பழைய டீசல் ஜீப் ஒன்று மேட்டில் ஏறும்போது பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "பம்ப் திறந்துவிட்ட வண்டி, அதான் இப்படி இழுக்குது" என்று பக்கத்தில் நிற்பவர் பெருமையாகச் சொல்லியும் கேட்டிருப்பீர்கள். புகை அதிகமானால் பலமும் அதிகம் என்ற எண்ணம் நம் பட்டறைகளில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறான எண்ணம் மட்டுமல்ல, செலவு வைக்கும் எண்ணமும்கூட என்பது என் கருத்து. அதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆவடியிலோ, விமானப்படை நிலையம் உள்ள முத்தாபுதுப்பேட்டையிலோ, பட்டாபிராமிலோ வசிக்கும் மாணவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தோன்றியது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1980-களில் ரஷ்ய வடிவமைப்பான டி-72 டாங்கி அங்கே தயாராகத் தொடங்கியது. நம் படையில் அதற்கு அஜேயா என்று பெயர். டாங்கியும் சாலை இல்லாத இடத்தில் ஓடும் டீசல் வண்டிதான், எடை மட்டும் ஏறத்தாழ 41 டன். நம் படையில் இன்றும் மிகுதியாக உள்ள டாங்கி இதுவே. பல ஆண்டுகள் ஓடி உழைத்த இவ்வண்டிகளுக்கு 780 குதிரைத்திறன் எஞ்சின் போதவில்லை, 1000 வேண்டும் என்று படை விரும்பியது. அதற்காக 2025 மார்ச் 7-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோனெக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்தது. முழுதாகக் கூட்டிய எஞ்சின்கள் சில, பகுதி பிரித்தவை சில, முற்றிலும் பிரித்தவை சில என்று வரும். செய்யும் நுட்பமும் ஆவடித் தொழிற்சாலைக்குக் கிடைக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். 780-ஐ 1000 ஆக்க இவ்வளவு பணம் ஏன்? பம்பிலுள்ள ஸ்குரூவைக் கொஞ்சம் திருகி எண்ணெயைக் கூட்டிவிட்டால் ஆகாதா? மேட்டில் ஏறும் ஜீப்புக்காரர் அதைத்தானே செய்கிறார்?

விடை காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். ஆகவே அதற்கு 12 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் 12 கிலோ காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று! டீசல் எஞ்சினை எண்ணெய் குடிக்கும் எந்திரம் என்கிறோம். உண்மையில் அது காற்றைக் குடிக்கும் எந்திரம், எண்ணெய் தொட்டுக்கொள்ள மட்டுமே.

இதையே ஒரு ஜீப்புக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மஹிந்திரா ஜீப்புகளில் பெருவாரியாக வந்த பெஜோ எஞ்சின் 2112 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் 1000 மூச்சு, அதாவது அதிகபட்சம் 2112 லிட்டர் காற்று. இந்தக் காற்றில் எரியக்கூடிய டீசல் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர். அதுவும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியும் தனக்குரிய காற்றைத் தவறாமல் கண்டுபிடித்தால்! கண் இமைப்பதற்குள் கலந்து எரிந்து முடிய வேண்டியிருப்பதால் அது நடப்பதில்லை. ஆகையால் கால் பங்கு காற்றாவது உபரியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 160 மில்லி லிட்டர்தான் அந்த எஞ்சினின் ஒழுங்கான சாப்பாடு.

ஸ்குரூவைத் திருகுபவர் எண்ணெயைத்தான் கூட்டுகிறார், காற்றைக் கூட்டுவதில்லை. முதலில் கொஞ்சம் பலம் கூடும், அதை மறுப்பதற்கில்லை. உபரியாக இருந்த காற்றையும் எண்ணெய் பிடித்துக்கொள்வதால் வரும் பலம் அது. அதற்கு மேல் ஊற்றுகிற எண்ணெயில் பெரும்பகுதி பாதி எரிந்து கரித்துகளாக வெளியேறுகிறது. பின்னால் தெரியும் கரும்புகை பலம் அன்று. காசு கொடுத்து வாங்கி, எரிக்காமல் வீசிய டீசல். எரிந்த பகுதியோ தாமதமாக எரிந்து வெப்பத்தை பிஸ்டன் தலையிலும் புகைவழி வால்விலும் ஏற்றுகிறது. தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும். ஹெட் கேஸ்கட் போவதும், சிலிண்டர் தலை வெடிப்பதும், பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் இந்தக் கணக்கின் வட்டியும் அசலும்.

இப்போது டாங்கிக்குத் திரும்புவோம். டி-72-இன் எஞ்சினுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1939-இல் சோவியத் நாட்டின் கார்கோவ் நகரில் உற்பத்திக்கு வந்த வி-2 என்ற பன்னிரண்டு சிலிண்டர் டீசல்தான் அதன் பாட்டன். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற டி-34 டாங்கியை இழுத்தது அது. கொள்ளளவு ஏறக்குறைய 38.8 லிட்டர், பலம் 500 குதிரைத்திறன். காற்றைத் தானாகவே உறிஞ்சி ஓடியது. டி-72-இல் உள்ள வி-46 எஞ்சினுக்கும் அதே பன்னிரண்டு சிலிண்டர், அதே கொள்ளளவு. ஆனால் பலம் 780. காரணம், எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பற்சக்கரம் வழியாகச் சுழலும் ஒரு காற்றழுத்தி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. டி-90 டாங்கிக்கு வந்த வி-92எஸ்2 எஞ்சினிலும் கொள்ளளவு மாறவில்லை, பலம் 1000. இதில் அழுத்தியைச் சுழற்றுவது வெளியேறும் புகையின் வேகம். அதாவது டர்போ. பற்சக்கர அழுத்தி எஞ்சினின் பலத்திலிருந்தே தன் கூலியை எடுத்துக்கொள்ளும். டர்போவோ வீணாகப் போகும் புகையிலிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது.

ஒரே அளவுள்ள வயிறு, 500-இலிருந்து 1000-க்குப் பலம். உள்ளே போன காற்று கூடியது, அதற்கேற்ப எண்ணெயும் கூடியது. இந்த இரட்டிப்புக்குச் சுமார் அறுபது ஆண்டுகள் பிடித்தன என்பதையும் கவனியுங்கள். கூடிய அழுத்தத்தைத் தாங்க பிஸ்டனையும், தண்டையும், தாங்கிகளையும், குளிர்விக்கும் ஏற்பாட்டையும் ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றியாக வேண்டியிருந்தது. பழைய எஞ்சினில் "இரும்பு கெட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்" என்று பட்டறையில் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அந்தக் காலத்து எஞ்சின்களில் இடம் விட்டே கட்டினார்கள். அந்த இடத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதைச் சோதனை மேடையில் அளந்து முடிவு செய்தார்கள், காதால் கேட்டு அல்ல.

எதிர்மாறான கதையும் ஆவடிக்குத் தெரிந்ததுதான். விஜயந்தாவில் இருந்த எஞ்சின் லேலண்டு எல்-60. விசித்திரமான எந்திரம் அது: ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள், இரண்டு வீச்சில் ஓட்டம். இதே எஞ்சினைப் பிரிட்டன் தன் சீஃப்டன் டாங்கியில் வைத்தது. அங்கே 585 குதிரைத்திறனில் தொடங்கி, படிப்படியாக 750 வரை பிழிந்தார்கள். சிலிண்டர் உறைகள் வெடிப்பதும் கசிவதுமாக அந்த எஞ்சின் பல ஆண்டுகள் கெட்ட பெயர் வாங்கியது. விஜயந்தாவிலோ அதே எஞ்சின் 535-க்கு அடக்கி வைக்கப்பட்டிருந்தது. எடை 39 டன்தான் என்பதால் சமாளித்தார்கள். எவ்வளவு பிழியலாம் என்பதைப் போலவே எவ்வளவு பிழியாமல் விடலாம் என்பதும் பொறியியல்தான்.

சரி, படைக்குக் கோடிக்கணக்கில் பணம் உண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஜீப்பை வைத்திருப்பவருக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போடி மலையடிவாரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டி மேட்டில் நின்றுவிட்டால் பலருடைய அன்றைய கூலி போயிற்று. அவருக்குப் பலம் வேண்டும் என்பது ஆடம்பரம் அல்ல.

அவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: புதிய பலத்தைத் தேடும் முன் தொலைந்துபோன பலத்தைத் தேடுங்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் எண்ணெய் பற்றுகிறது. ரிங் தேய்ந்தாலும் வால்வு சரியாக உட்காராவிட்டாலும் காற்று கசியும். நெருக்கமும் சூடும் குறையும். காலையில் கிளம்ப மறுப்பதும், வெள்ளைப்புகை வருவதும் அதனால்தான். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் உள்ளே எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது எண்ணெய் மிகை. ஒரு மருத்துவர் நாக்கைப் பார்ப்பது போல இந்த மூன்று நிறங்களையும் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல மெக்கானிக். அவர் முதலில் எடுப்பது ஸ்குரூ டிரைவர் அல்ல, கம்ப்ரஷன் கேஜ்.

இதில் சிரிப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. பல வண்டிகளில் இழந்த பலம் இருக்கும் இடம் ஏர் ஃபில்டர். மண் அடைத்த ஃபில்டர் வழியே எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. உரிமையாளர் பம்பைத் திறந்து மேலும் எண்ணெய் ஊற்றுகிறார். மூக்கடைப்புக்கு இன்னொரு தட்டுச் சோறு போடுவது போல! அடுத்தது நாசில். எண்ணெயைப் பனித்துளியாகத் தூவ வேண்டிய நாசில் தேய்ந்து குழாய்போல ஊற்றினால், காற்று இருந்தும் எரியாது. நாசிலைப் பிரித்துச் சோதனைக் கருவியில் தூவிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பிறகு வால்வு இடைவெளி, பம்பின் நேரம், ரேடியேட்டரில் படிந்த உப்பு. இவற்றைச் சரிசெய்த பின்னும் கம்ப்ரஷன் குறைவாகவே இருந்தால் போரிங் செய்து ரிங் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தேய்ந்த எஞ்சினில் டர்போ மாட்டும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. கசியும் சிலிண்டரில் கூடுதல் காற்றை அமுக்குவது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதே.

பலத்தோடு வேகமும் வரும் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்தால் நல்லது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 50-இல் போனால், இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகிறது. அதை நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக். வளைந்து இறங்கும் மலைப்பாதையில் பின்னால் அமர்ந்திருப்பவர்களைக் கேட்காமலே நாம் எடுக்கும் முடிவு அது. புகையைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. வண்டி என்னுடையது, எண்ணெய்க் காசும் என்னுடையது என்று சொல்லலாம். பின்னால் சைக்கிளில் வரும் உங்களின் நுரையீரல் அவருடையது அல்லவே!

அப்படியானால் பம்ப் ஸ்குரூவை யாரும் எப்போதும் தொடக்கூடாதா? தொடலாம். பம்பும் எஞ்சினைப் போலத் தேயும் பொருள்தான். தேய்ந்த பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவு எண்ணெய் கொடுக்கும். ஒன்று பட்டினி கிடக்கும், ஒன்று அஜீரணத்தில் புகையும். அப்போது பம்பைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றுவார்கள். வரிசையாக நிற்கும் கண்ணாடி அளவைக் குழாய்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லி லிட்டர் விழுகிறது என்று பார்த்து, உற்பத்தியாளர் தந்த அட்டவணையோடு ஒப்பிட்டு, எல்லாம் சமமாகும் வரை ஸ்குரூவைத் திருகுவார்கள். முடிந்ததும் அதைக் கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்து மூடிவிடுவார்கள். நீங்கள் வாங்கப்போகும் பழைய வண்டியின் பம்பில் அந்த முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.