நங்கூரமும் நீலமும்

பொருள்களுக்கு வாய் இல்லை. அவற்றைப் பேசவைப்பதற்கே மனிதன் முத்திரையைக் கண்டான். அம்முத்திரையே நம்மை மயக்குவதும் உண்டு என்பதை அண்மையில் நுகேகொடையில், நண்பரொருவரின் இல்லத்தில் உணர்ந்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான அந்நண்பர் தம் அன்னையாரின் மோதிரத்தை என் கையில் வைத்தார். நடுவே ஒரு நீலக்கல்; அதனைச் சூழச் சிறு வைரங்கள். கனடாவில் வாழும் அவருடைய பேத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மோதிரம் இனி அவளுக்குரியது. அதன் வரலாற்றையும் எழுதி அனுப்பவேண்டுமென்று அவள் அப்பப்பாவைக் கேட்டிருக்கிறாள்.

எதைக் கொண்டு எழுதுவது? 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் இருந்த அவர்களின் வீடு தீக்கிரையாயிற்று. கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், படங்கள் யாவும் அழிந்தன. அன்னையாரின் விரலில் கிடந்தமையால் மோதிரம் ஒன்றே தப்பியது. இன்று அதற்குள்ள ஒரே சாசனம், வளையத்தின் உட்புறத்தே பொறிக்கப்பட்ட குறிகள்தாம்: ஒரு கிரீடம், 18 என்ற எண், ஒரு நங்கூரம், பாதி சிதைந்த ஓர் எழுத்து.

இக்குறிகளிலிருந்து குடும்பத்தில் இரு கதைகள் முளைத்திருந்தன. பாட்டனார் கொழும்புத் துறைமுகத்தில் பணியாற்றியவர். ஆதலால் நங்கூரம் கப்பலைக் குறிக்கும் என்பது ஒன்று. கிரீடம் இருப்பதால் தேசாதிபதி ஒருவர் அளித்த பரிசு என்பது மற்றொன்று.

இரண்டும் இனிய கதைகளே. ஆனால் குறிகள் அவற்றைச் சொல்லவில்லை. நங்கூரம் பேர்மிங்ஹாம் நகரப் பரிசோதனைச் சாலையின் முத்திரை. கடலே காணாத அந்த உள்நாட்டு நகருக்கு நங்கூரம் வந்த விதம் வேடிக்கையானது. அச்சாலையை நிறுவுவதற்கான ஆலோசனைகள், இலண்டனில் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற பெயர் கொண்ட விடுதியில் நடைபெற்றன என்றும், பின்னர் ஷெபீல்ட் நகரம் கிரீடத்தையும் பேர்மிங்ஹாம் நங்கூரத்தையும் பங்கிட்டுக்கொண்டன என்றும் கூறுவர். பொன்னில் 18 என்ற எண்ணோடு வரும் கிரீடமோ ஊரையும் குறிக்காது, அரசரையும் குறிக்காது. 18 கரட் மாற்றுக்கு உறுதி கூறும், அவ்வளவே.

பேர்மிங்ஹாம் சாலை 1773இல் தோன்றியது. பொன்னைச் சோதிக்கும் உரிமையை 1824இல் பெற்றது. 1975 முதல் 18 என்பதற்குப் பதிலாக 750 என்று பொறிக்கும் வழக்கம் வந்தது. ஆகவே மோதிரம் இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்டது. ஆண்டைத் திட்டமாகச் சொல்லவேண்டியது அந்த எழுத்து. ஆனால் யாரோ ஒரு பத்தர் விரலின் அளவுக்கேற்ப வளையத்தை அறுத்துப் பற்றவைத்தபோது அதில் பாதி போய்விட்டது. அவரைக் குறைகூற மனம் வரவில்லை. முத்திரை இடாத அவருடைய கையும் இம்மோதிரத்தின் வரலாற்றில் ஒரு வரியன்றோ?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். முத்திரை பொய் சொல்வதில்லை. ஆயின் தன்னைக் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்கிறது. பொன்னின் மாற்று என்ன, எங்கே சோதிக்கப்பட்டது என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கல் எந்த மண்ணில் பிறந்தது, குழியில் இறங்கிச் சேற்றை அரித்தவன் யார், பட்டை தீட்டியவன் யார் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. நங்கூரத்தைக் கண்டவுடன் ‘இது ஆங்கில மோதிரம்’ என்று முடிவுகட்டுவது, தபால் முத்திரையைப் பார்த்துக் கடிதம் எழுதியவரைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும்.

உலகமே இப்பிழையைச் செய்திருக்கிறது. நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 563 கரட் எடையுள்ள நட்சத்திர நீலம் ஒன்று உண்டு. 1964இல் திருட்டுப்போய் அடுத்த ஆண்டு மீட்கப்பட்ட புகழ்பெற்ற கல் அது. இலங்கை மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. பெயரோ ‘இந்தியாவின் நட்சத்திரம்’!

தமிழ் படித்தோர்க்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் வழக்குத் தீர்ந்தது சிலம்பின் வெளித்தோற்றத்தாலா? இரு சிலம்புகளும் பார்வைக்கு ஒத்திருந்தன. உள்ளிருந்த பரல்களே உண்மையைக் கூறின. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். நீலக்கல்லுக்கும் அவ்வாறே. அதனுள்ளே படிந்திருக்கும் பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகளையும் பிறவற்றையும் நுணுக்குக்காட்டியால் நோக்கி, அதன் பிறப்பிடத்தை ஆய்வாளர் உய்த்துணர்கின்றனர். ‘இரத்தினபுரிக் கல்’ என்று நண்பரின் அப்பாச்சி சொல்லிவந்த வார்த்தையை வெறும் கிழவி கதையென்று தள்ளாமல், இவ்வாறு சோதித்துப் பார்ப்பதே முறை.

நண்பரிடம் ஒன்று கூறினேன். பேத்திக்கு எழுதும் கடிதத்தை மூன்றாகப் பகுத்து எழுதுங்கள்: கண்டது, கேட்டது, தெரியாதது. துறைமுகக் கதையையும் தேசாதிபதிக் கதையையும் விட்டுவிடவேண்டாம். அவற்றைக் ‘கேட்டது’ என்ற பகுதியில் எழுதுங்கள். 1983ஐ மட்டும் ஐயமின்றி முதற்பகுதியில் எழுதுங்கள். அதற்கு நீங்களே சாட்சி.

ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைப்பற்றி, முதியோரைக் கேட்டு, இம்முறையில் ஒரு பக்கம் எழுதட்டும். ஏடுகளைப் பலமுறை தீக்குக் கொடுத்த சமூகம் நாம். எஞ்சிய பொருள்களையேனும், அவற்றை அறிந்தோர் இருக்கும்போதே, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாமா?