திருநள்ளாற்றுக்கு அப்பால் மூன்று மைல்

ஜப்பான் தேசத்துக்குப் போய்த் திரும்பிய சிநேகிதர் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். கோட்டை, கோபுரம், அதிவேக ரயில் என்றெல்லாம் அளக்கப் போகிறார் என்று எதிர்பார்த்துக் காப்பியும் கையுமாக உட்கார்ந்தேன். அவரோ, ஒஸாகா நகரில் வேலை ஏதுமில்லாத ஒரு நாள் முழுவதும் தன்னந்தனியாகத் தெருத் தெருவாக நடந்ததைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். 1615-இல் வெட்டி முடித்த தோத்தோன்போரிக் கால்வாயின் கரையில் உலாவினாராம். கடைப் பலகைகளில் ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லையாம். ஆனாலும் மனம் நிறைந்துவிட்டதாம்.

"அது சரி, உமக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் எதிலாவது இப்படி ஒரு நாள் நடந்ததுண்டா?" என்று கேட்டுவிட்டு அவர் விடைபெற்றார். அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை.

ஜப்பானுக்குப் போகும் சக்தி என் பணப்பைக்குக் கிடையாது. கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்குப் பஸ் ஏறும் சக்தி உண்டு. ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். நிற்கவும் இடமில்லாத கூட்டம். திருநள்ளாறு வந்ததும் வண்டி ஏறக்குறையக் காலியாகிவிட்டது.

"ஸார், கோயில் வந்தாச்சு" என்றார் கண்டக்டர்.

"நான் காரைக்காலுக்குப் போகிறேன்."

"அங்கே யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லை."

அவர் முகத்தில் தோன்றிய அனுதாபத்தை நான் மறக்க முடியாது. அவரைக் குறை சொல்வானேன்? சனி பகவானுக்குப் பயந்து, குடும்ப சகிதமாக நானும் ஏழெட்டு முறை அங்கே இறங்கியவன்தான். நள தீர்த்தத்தில் முழுகி, தீபம் ஏற்றி, வந்த வழியே திரும்பியவன். கிழக்கே மூன்று மைலில் ஓர் ஊர் இருக்கிறது, அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அத்தனை முறையும் என் புத்தியில் உறைக்கவே இல்லை.

காரைக்காலில் இறங்கி, அவசரமில்லாதவன் செய்யவேண்டிய முதல் காரியமாக ஒரு டீ சாப்பிட்டேன். பிறகு கால் போன போக்கில் நடந்தேன். 1739-இல் பிரெஞ்சுக்காரர் இவ்வூருக்கு வந்தார்கள். இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட காலத்தைக் கழித்துவிட்டால், 1954 நவம்பர் 1 வரையில் அவர்கள் கொடிதான் இங்கே பறந்தது. அந்த ஊரின் முக்கியமான வீதிக்கு இன்று பாரதியார் பெயர். அன்னிய சர்க்காருக்குத் தப்பி, 1908 முதல் 1918 வரை இன்னோர் அன்னிய சர்க்காரின் எல்லைக்குள் புதுச்சேரியில் தங்கியிருந்த கவிஞர் அவர். அவர் பெயர் தாங்கிய வீதியில் பயமின்றி நடப்பது ஒரு தனிச் சுகம்.

அந்த வீதியில்தான் காரைக்கால் அம்மையாரின் கோயில் இருக்கிறது. கணவன் அனுப்பிய மாம்பழம் இரண்டில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்ட புனிதவதியின் கதையை அறியாத தமிழர் உண்டா? ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஜனங்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் தாவிப் பிடிக்கிறார்கள். நான் போனபோது திருவிழாவும் இல்லை, பழமும் இல்லை. சந்நிதியில் நிதானமாக நிற்க முடிந்தது. அப்போதுதான் அந்தக் கதையின் இன்னொரு பாதி நினைவுக்கு வந்தது. மனைவியின் தெய்வத் தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், வாணிபத்தைச் சாக்கிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். பாண்டி நாட்டில் வேறொரு குடித்தனம் நடத்தினான். அம்மையாரும் ஊரைத் துறந்தார், கைலாயத்துக்குத் தலையால் நடந்தார், திருவாலங்காட்டில் நிலைத்தார். நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவ்வளவு தூரம் நடந்தவர் உட்காருவது நியாயந்தானே!

மாதா கோயிலையும், மஸ்தான் சாகிபு தர்காவையும் பார்த்துவிட்டு, ஓர் ஓட்டலில் சாப்பிட்டு, வெயில் தணிந்தபின் கடற்கரைக்குப் போனேன். அரசலாற்றை ஒட்டியே சாலை போகிறது. பழந்தமிழில் அரிசிலாறு என்று பெயர் பெற்ற இந்த ஆறு எங்கள் கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி வந்து இங்கேதான் கடலில் விழுகிறது. அறிந்தவர் ஒருவரை அன்னிய ஊரில் சந்தித்ததுபோல் இருந்தது.

கடற்கரைப் பெஞ்சில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "யாரைத் தேடி வந்தீங்க தம்பி?" என்றார்.

"யாரையும் இல்லை, ஐயா. சும்மா ஊரைப் பார்க்க வந்தேன்."

அவர் சிரித்தார். "இந்த ஊரைப் பார்க்க வந்தீங்களா? ஊரை விட்டுப் போனவங்களைத்தான் நான் கண்டிருக்கேன். எங்க தாத்தா ஸைகோனிலே கணக்கு எழுதினார். அண்ணன் பட்டாளத்துக்குப் போய்ப் பாரிஸிலே தங்கிட்டார். நான்தான் மிச்சம்."

அவர் சொன்னது அவர் குடும்பக் கதை மட்டும் அன்று. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1860, 1861-ஆம் வருஷத்து உடன்படிக்கைகளின்படி, பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்தும் ஆள் சேர்க்கப் பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி கிடைத்தது. ரெயூனியனுக்கும், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்கும் காரைக்காலிலிருந்து கப்பல்கள் சென்றன. 1880-களில்தான் அந்த ஏற்றுமதி நின்றது. இன்றும் அத்தீவுகளில் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் வழங்குகின்றன. மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. ஏறியவர்களில் தஞ்சை ஜில்லாக்காரர் பலர். அதாவது, என் ஜில்லாக்காரர்கள்! நான் சொகுசாகப் பஸ்ஸில் வந்த வழியில் அவர்களில் எத்தனை பேர் நடந்து வந்தார்களோ! காரைக்காலில் அவர்களுக்கும் ஒரு கடைசி நாள் இருந்திருக்கும். ஊர் சுற்றிப் பார்க்கும் நாளாக அது இருந்திராது.

"நீங்கள் ஏன் போகவில்லை?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"1962-இலே ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாக இருக்கணுமா, இந்தியப் பிரஜையா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. வேணும்னு கேட்டவங்க பிரெஞ்சுக்காரர் ஆனாங்க. எங்க அப்பா கேட்கலே. 'இங்கே யாராவது ஒருத்தன் விளக்கு ஏத்தணுமே' என்றார்" என்று சொல்லிவிட்டு, "மாங்கனிக்கு வாங்க தம்பி, வீட்டிலே தங்கலாம்" என்றார். காலையில் யாரையும் பார்க்க இல்லை என்று கண்டக்டரிடம் சொன்னவனுக்கு, மாலையில் அந்த ஊரில் ஒரு வீடு கிடைத்துவிட்டது.

இருட்டியபின் திரும்பும் பஸ் ஏறினேன். திருநள்ளாற்றில் ஈரத் தலையுடன் ஒருவர் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். நான் காரைக்காலிலிருந்து வருவதை அறிந்ததும், "அங்கே என்ன இருக்கிறது, பார்ப்பதற்கு?" என்றார்.

மாம்பழத்திலிருந்து ஆரம்பித்தேன். கும்பகோணம் வந்தபோது நான் ஸைகோனைத்தான் எட்டியிருந்தேன். அவர் எழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த தடவை மூன்று மைல் தள்ளி இறங்கிப் பார்க்கிறேன்" என்றார்.