பத்துக் கோடிக்காரரும் குறுந்தொழிலாம்!

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய வரையறையை, தொழில் துறையின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறிவிட்டதாகச் சொல்லி இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய கோரிக்கை என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வாடகைக் கொட்டகையில் இரண்டு லேத் போட்டு ஜாப் ஆர்டர் செய்துகொடுப்பவர், ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் வியாபாரம் செய்பவரையும் தன் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லி மனுக் கொடுத்ததாக நமக்குத் தெரியவில்லை.

கணக்கு எல்லோரும் அறிந்ததுதான். குறுந்தொழில் என்பதற்கு ஐந்து கோடியாக இருந்த விற்றுமுதல் வரம்பு பத்துக் கோடியாயிற்று. ஒரு கோடியாக இருந்த இயந்திர முதலீட்டு வரம்பு இரண்டரைக் கோடியாயிற்று. சிறுதொழில் இனி 100 கோடி விற்றுமுதல் வரை. நடுத்தரத் தொழில் 500 கோடி வரை. பத்துக் கோடி விற்றுமுதல் என்றால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதையும் விடாமல் நாளொன்றுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பில் போடுகிறவர் என்று பொருள். போதாதென்று, ஏற்றுமதி வருமானம் இந்த விற்றுமுதலில் சேராது என்ற 2020-ஆம் ஆண்டின் சலுகை அப்படியே தொடர்கிறது. இயந்திரத்தின் மதிப்பும் தேய்மானம் கழித்து வருமான வரிக் கணக்கில் காட்டிய மதிப்புதான். ஆகவே நாற்பது கோடிக்கு ஏற்றுமதி செய்து, உள்நாட்டில் கொஞ்சம் விற்று, இயந்திரங்களைத் தேய்மானத்தில் இறக்கிக் காட்டும் நிறுவனமும் சட்டப்படி குறுந்தொழிலே. அதற்குப் பவர் டேபிள் வைத்துத் தைத்துக் கொடுக்கும் கூலித் தையல் யூனிட்டும் குறுந்தொழிலே. இருவருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே வரிசை.

வரம்பை உயர்த்துவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. எஃகு விலை ஏறியிருக்கிறது, சி.என்.சி. இயந்திரத்தின் விலை ஏறியிருக்கிறது, பழைய வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்று அஞ்சி வளர்ச்சியை மறைத்தவர்களும் உண்டு. ஆனால் பழைய வரம்பு வந்த 2020-க்கும் 2025-க்கும் இடையே விலைவாசி இரண்டரை மடங்காகிவிடவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உற்பத்தித் துறைக் குறுந்தொழிலின் முதலீட்டு வரம்பு 25 லட்சம். பத்தொன்பது ஆண்டுகளில் அதைப் பத்து மடங்காக்கியவர்கள், வரம்புக்குள் புதிதாக வந்து சேரும் கூட்டத்துக்கு எங்கிருந்து பங்கு கொடுப்பது என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? பந்தியில் ஆளைக் கூட்டினார்களே தவிர, உலையில் ஒரு படி அரிசி கூடப் போடவில்லை.

நம் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். வங்கிகள் தங்கள் நிகரக் கடனில் 7.5 விழுக்காட்டைக் குறுந்தொழில்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறை விதி. அதே 2025 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்த புதிய முன்னுரிமைத் துறை வழிகாட்டுதல்களிலும் இந்த 7.5 அப்படியே இருக்கிறது. ஒரே நாளில் ஒரு கை வரம்பை விரித்தது. இன்னொரு கை பங்கைத் தொடவே இல்லை.

இதன் விளைவை அறியப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. எட்டுக் கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனம் ஒன்று நேற்றுவரை சிறுதொழில். அதற்கு வங்கி ஏற்கெனவே கொடுத்திருந்த இரண்டு கோடி ரூபாய்க் கடன் நேற்றுவரை குறுந்தொழில் கணக்கில் வரவில்லை. இன்று வருகிறது. புதிதாக ஒரு ரூபாய் கூட வெளியே போகாமல், ஒரு விண்ணப்பம் கூட வாங்காமல், வங்கியின் குறுந்தொழில் கடன் இரண்டு கோடி கூடிவிட்டது. நாடு முழுவதும் இப்படிப் பெயர் மாறிய கடன்களைக் கூட்டிப் பாருங்கள். குறுந்தொழில் கடன் பாய்ச்சலாக வளர்ந்திருக்கிறது என்று நாளைக்கு ஒரு புள்ளிவிவரம் வரும். அதை மேடையில் வாசித்துக் கைதட்டலும் வாங்குவார்கள். கணபதிப் பட்டறைக்காரர் அந்தக் கைதட்டலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிக் கொடுக்கப்போகும் கடனின் கதை இதைவிட மோசம். ஐந்து லட்சம் ரூபாய்க் கடன் நாற்பது பேருக்குக் கொடுத்தாலும் இரண்டு கோடி. ஒருவருக்கே இரண்டு கோடி கொடுத்தாலும் இரண்டு கோடி. இலக்குக் கணக்கில் இரண்டும் சமம். நாற்பது பேர் என்றால் நாற்பது கோப்பு, நாற்பது இடம் நேரில் பார்வை, நாற்பது பேரிடம் தவணை வசூல். ஒருவர் என்றால் ஒரு கோப்பு. அவரிடம் ஆடிட்டர் இருக்கிறார், தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு இருக்கிறது, சொந்தப் பெயரில் நிலப் பத்திரம் இருக்கிறது. அந்த நாற்பது பேரில் பலருக்குப் பட்டறை வாடகை இடத்தில். மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன் முழுதாக இருக்காது. டூவீலர் தவணை இரண்டு மாதம் தவறியதில் சிபில் ஸ்கோர் சரிந்திருக்கும். எந்த மேலாளர் நாற்பது கோப்பைத் தூக்குவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது பேரை விட்டுவிட்டாலும் இலக்கை எட்டிவிடலாம் என்று அவருக்கு வழி திறந்துவிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முன்பு இப்படி இருக்கவில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. 2015-க்கு முன்பிருந்த விதிகளில், சிறு, குறுந்தொழில் கடனுக்குள்ளேயே மிகக் குறைந்த முதலீட்டில் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கென்று ஓர் உள்பங்கு இருந்தது. அந்த விதியை வங்கிகள் ஒழுங்காகப் பின்பற்றினவா என்பது வேறு கேள்வி. விதி என்று ஒன்று இருந்தது; காட்டிக் கேட்கலாம். அதை எடுத்துவிட்டுக் குறுந்தொழில் முழுமைக்கும் ஒரே விழுக்காடு என்று வைத்தார்கள். அப்போதே கீழ்ப்படியில் இருந்தவரின் பிடி நழுவியது. இப்போது வரம்பை இரண்டரை மடங்காக்கி, அவர் நின்ற படியையே எடுத்துவிட்டார்கள்.

வங்கியில் இடம் கிடைக்காதவர் தொழிலை மூடிவிட்டா போகிறார்? வீட்டம்மாவின் நகை அடகுக்குப் போகும். அதுவும் தீர்ந்தால் தண்டல். காலையில் 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரமாக வசூலிக்கும் கணக்கு கடைவீதிகளுக்குப் புதிதல்ல. அதை ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் நூற்றுக்கு நூறைத் தாண்டும். பத்துக் கோடிக்காரர் வங்கி வட்டிக்கு வாங்கிய பணத்தில் மூலப்பொருளை மொத்தமாக எடுப்பார். அவரோடு இவர் தண்டல் பணத்தை வைத்துக்கொண்டு விலைப் போட்டி போட வேண்டும். இருவருக்கும் ஒரே பெயர் சூட்டியதன் பலன் இதுதான்.

கடனில் மட்டுமா? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைச் சிறு, குறுந்தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 358 பொருள்கள் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டவை. டெண்டரில் முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை. விளம்பரத்துக்கோ விற்பனைப் பிரதிநிதிக்கோ செலவிட வழியில்லாத சிறிய பட்டறைக்கு, அரசாங்கமே வாடிக்கையாளராக வருவதைவிடப் பெரிய தூக்கிவிடல் கிடையாது. ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்குச் சப்ளை செய்கிறோம் என்று சொன்னாலே அடுத்த ஆர்டர் தேடி வரும். இந்த 25 விழுக்காட்டுக்குள் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 4, பெண்களுக்கு 3 என்று உள்பங்கு உண்டு. குறுந்தொழிலுக்கென்று தனியாக எதுவும் கிடையாது. நேற்றுவரை நடுத்தரத் தொழிலாக வெளியே நின்ற, 60 கோடி, 90 கோடி விற்கும் நிறுவனங்கள் இன்று சிறுதொழில் என்ற சான்றிதழோடு உள்ளே வந்துவிட்டன. விலையில் அவர்களோடு மோதி வெல்ல இரண்டு லேத்காரரால் முடியுமா? இது அவருக்கு ஒதுக்கப்பட்ட களம் என்று இனி யாராவது சொன்னால் அது கேலிப் பேச்சு.

வரம்பை உயர்த்தும் இந்த முடிவை எடுத்த மத்திய ஆட்சியாளர்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 2016 நவம்பர் 8 இரவில் செல்லாது என்று அறிவித்த நோட்டுகளால், அந்த வாரச் சனிக்கிழமைக் கூலியைக் கொடுக்க முடியாமல் தவித்தவை இதே பட்டறைகள். எட்டு மாதத்தில் ஜி.எஸ்.டி. வந்தது. பொறியியல் ஜாப் ஆர்டருக்கு 18 விழுக்காடு என்றார்கள். இரண்டாண்டு கெஞ்சிய பிறகு 2019-இல் 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் வரிச் சீர்திருத்தம் என்ற பெயரில் திரும்பவும் 18. போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடியும் போட்டார்கள்.

2018-இல் 59 நிமிடத்தில் ஒரு கோடி வரை கடன் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 59 நிமிடத்தில் கிடைத்தது கொள்கையளவிலான ஒப்புதல் என்ற காகிதம். அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் அதே மேசை, அதே பத்திரம், அதே 'அடுத்த வாரம் வாங்க'.

அடுத்த ஆண்டே, சிறு தொழில்களுக்குக் கிடைக்காமல் நிற்கும் கடன் 20 முதல் 25 லட்சம் கோடி ரூபாய் என்று ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே. சின்ஹா குழு கணக்குச் சொன்னது. அதே 2019-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வறிக்கை, பத்தாண்டு கடந்தும் நூறு தொழிலாளரை எட்டாத நிறுவனங்களுக்குக் 'குள்ளர்கள்' என்று பெயர் வைத்தது. கடன் கிடைக்காமல் வளராதவரைப் பார்த்து, வளராததற்காகக் கேலி.

2020 பெருந்தொற்றின்போது மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் என்று அறிவித்தார்கள். யாருக்கு? பிப்ரவரி 29 அன்று வங்கியில் கடன் நிலுவை உள்ளவருக்கு. அந்த நிலுவையில் 20 விழுக்காடு. வங்கிக் கடனே கிடைக்காமல் கைப்பணத்தில் தொழில் ஓட்டியவருக்குச் சுழியத்தில் 20 விழுக்காடு. கடன் வாங்காமல் பிழைத்ததற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை அது.

ஒவ்வொரு முறையும் இவர்களுக்குத் தோன்றும் வைத்தியம் ஒன்றே: மேல் வரம்பை உயர்த்து. முத்ரா கடன் வரம்பு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாயிற்று, அதுவும் முந்தைய பெரிய கடனை அடைத்து முடித்தவருக்கு மட்டும். கடன் உத்தரவாதத் திட்டத்தின் வரம்பு இரண்டு கோடியிலிருந்து ஐந்து கோடி, பிறகு பத்துக் கோடி. பத்து லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்ட விதியோ இன்றும் பல கிளைகளின் வாசலைத் தாண்டவில்லை. மூன்று லட்சம் கேட்டுப் போகிறவரிடமும் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. கீழே ஒழுகுவதை அடைக்கத் தெரியாதவர்கள் மேலே மாடி கட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஆறுதலுக்காக, குறுந்தொழில்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரம்பில் கடன் அட்டை என்று, புதிய வரையறையை அறிவித்த அதே பட்ஜெட்டில் சொன்னார்கள். முதல் ஆண்டில் பத்து லட்சம் அட்டைகள். அரசின் தேசிய மாதிரி ஆய்வே 2015-16-இல் குறுந்தொழில்கள் ஆறு கோடியே முப்பது லட்சம் என்று கணக்கெடுத்திருக்கிறது. அறுபது பேருக்கு ஓர் அட்டை கூட வராது. மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம். வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பழகியதுதான். சிறுதொழில் சான்று என்றார்கள், வாங்கினார்கள். தொழில்முனைவோர் குறிப்பாணை என்றார்கள், போட்டார்கள். உத்யோக் ஆதார் என்றார்கள், எடுத்தார்கள். அது செல்லாது, உத்யம் என்றார்கள், அதற்கும் பதிந்தார்கள். காகிதத்தை மாற்ற மாற்ற அலைந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்திருக்கும் பரிசு, தங்களைவிடப் பல மடங்கு பெரியவரோடு ஒரே பட்டியல்.

பதிவு செய்த தொழில்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் குறுந்தொழில்களே. அவற்றிலும் பெரும்பாலானவை பத்துக் கோடியைக் கனவிலும் காணாதவை. வேலைவாய்ப்பு பற்றி மேடை தோறும் பேசுகிறவர்கள் இந்தக் கூட்டத்தைத்தான் முதலில் எண்ணிக் காட்டுகிறார்கள். பங்கு பிரிக்கும்போது இந்தக் கூட்டத்தைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

செய்த தவற்றைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. குறுந்தொழிலுக்குள்ளேயே அடிமட்டத்தில் இருப்பவருக்கென்று கடனிலும் கொள்முதலிலும் பிறர் கைவைக்க முடியாத தனிப் பங்கு வேண்டும். எவ்வளவு, எந்த வரம்பு என்பதைப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசித் தீர்மானிக்கட்டும். பெரிய சங்கங்களின் தலைவர்களோடு மட்டும் நட்சத்திர ஓட்டலில் தேநீர் குடித்துவிட்டு, கலந்தாலோசனை முடிந்தது என்று சொல்ல வேண்டாம். அது நடக்கும்வரை, குறுந்தொழிலுக்குக் கடன் கூடியிருக்கிறது என்று வெளியாகும் எந்தப் புள்ளிவிவரத்தையும் வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை. கூடியிருப்பது கடனா, குறுந்தொழில் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்களின் எண்ணிக்கையா என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு கைதட்டுங்கள்.