இலவச வழிகாட்டியும் நம் கடைத்தெருவும்

பெருநகரங்களுக்கு வரும் வெளியூர் மக்களுக்காக ஓட்டல் வரவேற்பறைகளில் இலவசமாக வைக்கப்படும் வழிகாட்டிப் புத்தகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், நாலு கோயில், ஒரு கடற்கரை, பத்து நகைக்கடை. எடுப்பவருக்கு அது இலவசம்தான். ஆனால் காகிதக்காரரும் அச்சகத்தாரும் இலவசமாகத் தருவதில்லை. விளம்பரம் கொடுக்கும் வணிகர் அந்தச் செலவை ஏற்கிறார்; பிறகு அதைச் சரக்கின் மேல் வைக்கிறார். ஆக, இலவசம் என்று கையில் எடுத்தவரே கடையில் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்.

விளம்பரம் குற்றமல்ல. 1994-ல் தொடங்கப்பட்ட 'மயிலாப்பூர் டைம்ஸ்' வாரப் பத்திரிகை வீடுகளுக்கு இலவசமாகப் போடப்பட்டு, விளம்பர வருமானத்திலேயே வளர்ந்தது. வாசகருக்கு எது செய்தி, எது விளம்பரம் என்று தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வித்தியாசத்தை மறைப்பதுதான் தவறு. வழிகாட்டிப் புத்தகப் பிரதிநிதிகள் சிலர் நம்மிடம் வந்தபோது, அரைப் பக்க விளம்பரத்துக்கு ஒரு ரேட், "எங்கள் ஆசிரியர் குழு பரிந்துரைக்கும் கடை" என்று போடுவதற்கு அதற்கு மேல் ஒரு ரேட் என்று அட்டையை நீட்டினார்கள். கடைக்குள் காலே வைக்காதவர் தரும் நற்சான்றுக்கு என்ன மதிப்பு? சாம்பிள் ஒன்று காட்டி மூட்டை வேறு அனுப்பினால் மண்டியில் நம் பெயர் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இதுவும் அப்படிப்பட்ட காரியமே.

உள்ளூர்க்காரர் ஏமாந்தால் மறுநாள் வந்து சண்டை போடுவார். வெளியூர்க்காரர் திரும்பி வரமாட்டார். ஊருக்குப் போய்ச் சொல்லும்போது கடைப் பெயரைச் சொல்லமாட்டார், "அந்தப் பாரிமுனைப் பக்கமே போகாதே" என்பார். ஒருவர் செய்த காரியத்துக்குத் தெரு முழுவதும் பழி சுமக்கும்.

லண்டனில் நடந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். 1968-ல் டோனி எலியட் என்ற மாணவர் தொடங்கிய 'டைம் அவுட்' பத்திரிகை, நகரில் எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும் வழிகாட்டியாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காசுக்கு விற்றது. 2012-ல் இலவசமாக்கினார்கள். பிரதிகள் பல மடங்கு பெருகின. ஆனால் 2020-ல் கொரோனாவால் தெருக்கள் வெறிச்சோடியபோது அச்சுப் பதிப்பு நின்றது. பிறகு மீண்டு வந்தும், 2022-ல் லண்டன் அச்சுப் பதிப்பையே நிறுத்திவிட்டார்கள். வாசகர் தரும் காசு இல்லாமல், விளம்பரத்தை மட்டுமே நம்பி நிற்கும் புத்தகத்துக்கு ஒற்றைக் கால்தான். எனவே வழிகாட்டி செய்வதானால் சிறிதாக, நம்மால் தொடர்ந்து தாங்கக்கூடிய செலவில் செய்ய வேண்டும்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும் என்பதே நம் கருத்து. சென்னைக்கு வருவோர் எல்லோரும் சுற்றுலாவுக்கு வருபவர்கள் அல்லர். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். கல்யாணச் சாமான் வாங்க ஆந்திராவிலிருந்து வருகிறார்கள். மார்கழிக் கச்சேரிக்கு வெளிநாட்டுத் தமிழர் வருகிறார்கள். ஊருக்குத் திரும்புமுன் அப்பளம், வற்றல், காப்பித்தூள், மசாலா வாங்காதவர் குறைவு. இவர்களுக்கு வழவழப்புப் புத்தகம் காட்டுவது பெரிய கடைகளை. அழைப்பிதழுக்கு ஆண்டர்சன் தெரு, ஜவுளிக்குக் கோடவுன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டி தெரு, மளிகைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று சொல்வதற்கு ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். அவருக்குக் கமிஷன் கொடுக்கும் கடையில் சரக்கு விலை ஏறுகிறது. கொடுக்காத கடைக்கு ஆள் வருவதில்லை.

சங்கமே ஒரு வழிகாட்டி வெளியிட வேண்டும். பதினாறு பக்கம் போதும். கடை வாரியாக அல்ல, தெரு வாரியாக இருக்கட்டும்: எந்தத் தெருவில் என்ன சரக்கு, சில்லறையாகக் கிடைக்குமா, வார விடுமுறை என்று, பார்சல் ஆபீஸ் எங்கே, கழிப்பறையும் குடிநீரும் எங்கே. நடுப்பக்கத்தில் தெரு வரைபடம். உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் 2019-ல் திறக்கப்பட்டதிலிருந்து விமான நிலையத்தில் ஏறுபவர் நம் தெருமுனையிலேயே வந்து இறங்கலாம். இதை முதலில் அச்சிட வேண்டும். விளம்பரம் தனிப் பக்கத்தில், மேலே 'விளம்பரம்' என்ற எழுத்தோடு வரட்டும். எடைக் குறைவோ விலைத் தகராறோ வந்தால் புகார் சொல்லச் சங்க அலுவலகத் தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அந்த ஓர் எண் நூறு நற்சான்றுக்குச் சமம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். அட்டையில் மாதமும் ஆண்டும் போட வேண்டும். கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேடு போனது. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையிலிருந்து 2002-ல் கோயம்பேடு போயின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபின் தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. பழைய புத்தகத்தை நம்பிப் பெட்டியோடு அலைபவர், அச்சிட்டவரை மட்டுமல்ல, ஊரையே சபிப்பார்.

"எல்லாம் கைபேசியில் இருக்கும்போது காகிதம் எதற்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கைபேசியிலும் காசு கட்டியவர் பெயர் மேலே வருகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். தவிர, ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இருக்கும் முதியவருக்குத் தம் மொழியில் ஒரு தாள் கையில் இருப்பது தைரியம். தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஆங்கிலம் ஆகிய ஐந்திலும் போடுவோம். பிள்ளைகள் விருப்பப்படி, கல்லாவில் பணம் வாங்க ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு போல அட்டையிலும் ஒன்று போட்டு, கைபேசியிலும் அதே பக்கங்கள் திறக்கும்படி செய்யலாம்.

"என் சந்தாவில் அடுத்த கடைக்கு ஏன் ஆள் அனுப்ப வேண்டும்?" என்று கேட்கும் உறுப்பினரும் உண்டு. கேள்வி நியாயமே. ஆனால் ஒற்றைக் கடைக்காக யாரும் ஆண்டர்சன் தெருவுக்கு வருவதில்லை. பல கடை பார்த்து வாங்கலாம் என்றுதான் வருகிறார்கள். கூட்டம் தெருவுக்கு வந்தால்தான் நம் படியிலும் ஏறும். வந்தவரை நிறுத்துவது அவரவர் சரக்கும் விலையும் நாணயமும்.

மே 5 வணிகர் தினத்தில் முதல் பதிப்பை வெளியிட்டு, சென்ட்ரல், எழும்பூர், திருவல்லிக்கேணி லாட்ஜுகளிலும் ஆஸ்பத்திரிகள் அருகே உள்ள விடுதிகளிலும் நாமே கொண்டுபோய் வைக்கலாம். உறுப்பினர்கள் தத்தம் தெருவின் விவரங்களை எழுதி, சங்க அலுவலகத்துக்கு விரைவில் அனுப்பக் கோருகிறோம். நம் தெருவை நாம் எழுதாவிட்டால், ரேட் கார்டோடு வருபவர் எழுதுவார்.