டேசர் பயன்பாட்டுக்குச் சட்ட வரம்பும் பொறுப்புக்கூறலும் கோரும் மனு

பெறுநர்:
காவல்துறை அமைச்சர் மற்றும் சட்டமா அதிபர்,
நியூ சவுத் வேல்ஸ் அரசு, சிட்னி.

பொருள்: காவல்துறையினரின் டேசர் என்னும் மின்னதிர்ச்சித் துப்பாக்கிப் பயன்பாட்டைச் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

சிட்னியில் வாழும் தமிழ் முதியோரும் அவர்களைப் பராமரிப்போரும் உறுப்பினராக உள்ள எங்கள் சங்கம் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறது. 2023 மே 17 அதிகாலை, கூமா நகரின் யல்லம்பி லாட்ஜ் முதியோர் இல்லத்தில் 95 வயது மூதாட்டி ஒருவர் மீது காவலர் ஒருவர் டேசரைச் செலுத்தினார். அந்த மூதாட்டியின் எடை 50 கிலோவுக்கும் குறைவு. மறதி நோயின் அறிகுறிகள் கொண்டிருந்த அவர், நடைச்சட்டத்தின் துணையோடு நின்றார். கையில் ஒரு சாப்பாட்டு மேசைக் கத்தி இருந்தது. கீழே விழுந்து தலையில் அடிபட்டு, ஒரு வாரத்தில் உயிரிழந்தார். 2024 நவம்பரில் நடுவர் குழு அந்தக் காவலரை ஆட்கொலைக் குற்றவாளி என்றது. 2025 மார்ச்சில் அவருக்குச் சிறைவாசமின்றி இரண்டாண்டு சமூகத் திருத்த ஆணை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை போதுமா என்று வாதிட நாங்கள் வரவில்லை. விதிவிலக்கான சூழலில் அன்றி முதியோர் மீது டேசரைப் பயன்படுத்தக் கூடாது என்று காவல்துறையின் நடைமுறைக் கையேடே சொல்லியிருந்தது. விதி இருந்தும் இது நடந்தது என்பதே எங்கள் கவலை.

கையேடு காவல்துறை தனக்குத்தானே எழுதிக்கொள்வது, தானே திருத்திக்கொள்வது. நாடாளுமன்றம் இயற்றிய 2002-ஆம் ஆண்டின் சட்ட அமலாக்க அதிகாரங்கள், பொறுப்புகள் சட்டமோ, 230-ஆம் பிரிவில் நியாயமான அளவுக்குத் தேவைப்படும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்கிறது. டேசரின் தன்மைக்கு இது போதாது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஏறத்தாழ ஐந்து விநாடிகளுக்கு மின்சாரம் பாய்ந்து தசைகள் இறுகிவிடும். விழும் உடல் கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. இளைஞர் புல்தரையில் விழுவதும் எலும்பு தேய்ந்த முதியவர் கட்டாந்தரையில் விழுவதும் ஒன்றல்ல. 2012-இல் சிட்னி நகரின் மையப் பகுதியில் 21 வயது பிரேசில் மாணவர் ஒருவர் பலமுறை டேசர் பாய்ச்சப்பட்டு இறந்தார். மரண விசாரணை அதிகாரி காவலர்களின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்து, நடைமுறைகளைத் திருத்தப் பரிந்துரைத்தார். பதினோராண்டுகள் கழித்து நிகழ்ந்தது கூமா. கையேட்டைத் திருத்துவது மட்டுமே தீர்வாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது, நடந்ததை யார் சொல்வது என்ற கேள்வி. கூமா நிகழ்வு பற்றிய காவல்துறையின் முதல் அறிக்கையில் டேசர் என்ற சொல்லே இல்லை. காவலரின் உடற்கேமரா பதிவைப் பொதுமக்கள் பார்த்ததோ, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான். 2009-இல் குயின்ஸ்லாந்தில் ஒருவர் இறந்தபோது டேசர் மூன்று முறை பயன்படுத்தப்பட்டதாக முதலில் கூறப்பட்டது. கருவிக்குள் இருந்த பதிவு 28 முறை எனக் காட்டியது. 2007-இல் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் போலந்துப் பயணி ஒருவர் டேசர் பாய்ச்சப்பட்டு இறந்தார். காவல்துறை கூறியதை மறுத்தது, அங்கிருந்த பயணி ஒருவர் எடுத்த காணொளி. விசாரணை ஆணையத்தின் முன் பொய்ச் சாட்சியம் சொன்னதாகப் பின்னர் இரு காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். கருவி தன் ஒவ்வொரு இயக்கத்தையும் நேரத்தோடு பதிவு செய்கிறது. அந்தப் பதிவு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் சட்டம் இன்னும் முடிவு செய்யவில்லை.

டேசர் இல்லாவிட்டால் காவலர் துப்பாக்கியை எடுக்க நேரும், அதனால் அது உயிர் காக்கும் கருவி என்பார்கள். துப்பாக்கியால் சுட நியாயமிருந்த இடத்தில் டேசரைப் பயன்படுத்தினால் அந்த வாதம் சரி. அதை நாங்கள் மறுக்கவில்லை. கூமாவில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அங்கு டேசருக்கு மாற்றாக இருந்தவை பொறுமையும் இடைவெளியும் மட்டுமே. கடுமையான சட்டம் காவலரைத் தயங்க வைக்கும் என்பது இரண்டாவது வாதம். உடனடி ஆபத்து இருந்தால் பயன்படுத்தலாம் என்று தெளிவாக எழுதிய சட்டம், விதிப்படி நடக்கும் காவலருக்கும் பாதுகாப்புத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, வான்கூவர் மரணத்தை விசாரித்த பிரெய்ட்வுட் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு இத்தகைய வரம்பை மாகாணத் தரவிதியாக்கியது. டேசர் பயன்பாடு அங்கே வெகுவாகக் குறைந்தது. குற்றவியல் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதே, புதிய சட்டம் எதற்கு என்றும் கேட்கலாம். நீதிமன்றம் மரணத்துக்குப் பிறகுதான் வருகிறது. மரணம் நேராத தவறான பயன்பாடுகள் அங்கே போய்ச் சேருவதே அரிது.

மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. ஆங்கிலத்தில் இடப்படும் கட்டளை எங்கள் முதியோர் பலருக்கு வெறும் கூச்சலாகவே கேட்கும். கீழ்ப்படியாமை வேறு, புரியாமை வேறு என்பதைச் சட்டம் அறிந்திருக்க வேண்டும். எனவே கீழ்க்காணும் ஏற்பாடுகளைச் சட்டத் திருத்தமாகக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்:

1. உடலுக்கு உடனடித் தீங்கு நேரும் ஆபத்து இருந்து, வேறு வழிகள் பயன்படாதபோது மட்டுமே டேசரைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தல்.

2. முதியோர், சிறுவர், கர்ப்பிணிகள், மறதி நோயாளர், மனநலம் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்குக் கூடுதல் பாதுகாப்பு. மொழி புரியாமையைக் கருத்தில் கொள்ளும் கடமை.

3. ஒவ்வொரு பயன்பாட்டின் கருவிப் பதிவும் உடற்கேமராப் பதிவும் குறித்த காலத்துக்குள், காவல்துறையைக் கண்காணிக்கும் சட்ட அமலாக்க நடத்தை ஆணையத்திடம் ஒப்படைக்கப்படுதல். பாதிக்கப்பட்டவரும் குடும்பத்தாரும் அவற்றைப் பார்க்கும் உரிமை.

4. மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால், காவல்துறையின் விசாரணையை மேற்பார்வையிடுவதோடு நில்லாமல் அந்த ஆணையமே நேரடியாக விசாரித்தல்.

5. பயன்பாட்டு விவரங்களை வயது, மனநலம், மொழி வாரியாக ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தல்.

இவற்றில் எதுவும் காவலரின் கையிலிருந்து டேசரைப் பறிக்கவில்லை. பயன்படுத்தியவர் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றே கேட்கிறது. வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடவும், முதியோர் அமைப்புகளை நேரில் கலந்தாலோசிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்